டிவியில் நாவல் படித்த அம்மா

எங்கள் வீட்டு டிவியில் அம்மா நாவல் படித்தாள் என்று சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். "பாத்தாங்கன்னு சொல்லு" என்று திருத்தக்கூடச் செய்கிறார்கள். பார்க்கவில்லை ஐயா, படித்தாள். எழுத்து எழுத்தாக, வரி வரியாகப் படித்தாள். இந்த ஒரு விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த காலம். நெல்லித்தோப்பில் ஒரு சந்துக்குள் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அப்பா இறந்துவிட்டிருந்தார். அண்ணன் கல்யாணமாகி அரியாங்குப்பத்தில் குடியிருந்தான். அம்மா மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள். மில் மூடிய பிறகும் அவள் விடாத பழக்கம் ஒன்றுதான், மாத நாவல். மாசம் பிறந்ததும் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைக்குப் போய்விடுவாள். உலையில் அரிசி கொதிக்கும்போது ஒரு பக்கம், குழாயில் தண்ணீர் வரும்வரை ஒரு பக்கம் என்று படிப்பாள். கொலை நடக்க வேண்டும், போலீஸ் வர வேண்டும், கடைசிப் பக்கம் வரை ஆள் யாரென்று தெரியக் கூடாது. அப்படிப்பட்ட கதைதான் அவளுக்குக் கதை. அந்த நேரத்தில் கூப்பிட்டால் காது கேட்காது. "உங்கம்மாவ நாவல் கட்டிக்கினு போயிடிச்சு" என்று அப்பா இருந்தவரை கிண்டல் செய்வார்.

ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "எழுத்தெல்லாம் நடுவுல கரையான் அரிச்சாப்பல இருக்குதுடி" என்றாள். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. கடைசியாகப் பார்த்த கண் டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது, ஓரப் பார்வை இருக்கும், போனது திரும்பாது, கண்ணாடியால் பயனில்லை. "நடக்கலாம், சமைக்கலாம், எல்லாம் பண்ணலாம். படிக்கறது மட்டும்தான் கஷ்டம்" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். நிறுத்தத்தில் இறங்கியதும் அம்மா ஆரம்பித்தாள்.

"மட்டுமாம். கேட்டியா? படிக்கறது மட்டுமாம்."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கும் அதே கோபம் தொற்றிக்கொண்டது. அம்மாவைத் திரும்பப் படிக்க வைக்காமல் விடுவதில்லை என்று அந்த நிறுத்தத்தில் நின்றபடியே முடிவெடுத்தேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

முதலில் நேரு வீதியில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். அதில் ஒரு சமயத்தில் மூன்று நான்கு எழுத்துத்தான் பெரிதாகத் தெரியும். அதற்குள் கை நடுங்கி வரி மாறிவிடும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. அம்மா அதை மடக்கி டப்பாவில் போட்டு, "எறும்பப் பாக்கறதுக்கு நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

சரி, நானே படித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். ஒரு அத்தியாயம்கூடத் தாண்டவில்லை, போதும் என்று கையைக் காட்டிவிட்டாள்.

"ஏம்மா? நல்லாத்தான படிக்கறேன்?"

"நல்லாத்தான் படிக்கற. ஆனா நீ எங்க நிக்கறியோ அங்கதான் நானும் நிக்கணும், நீ ஓடுனா நானும் ஓடணும். எனக்கு ஒரு வரிய ரெண்டு தபா படிக்கணும்னு தோணும், உன்ன நிறுத்து நிறுத்துன்னு சொல்லிக்கினே இருக்க முடியுமா? அடுத்தவங்க ஊட்டி விட்டு சாப்புடறாப்பல இருக்குதுடி."

அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவன் எந்தப் பிரச்சினைக்கும் பொருள் வாங்கி வைத்துத் தீர்வு காண்கிறவன். புது செல்போன் வாங்கியிருந்தான், அதில் குரலைப் பதிவு செய்யும் வசதி இருந்தது. அதிலே முதல் அத்தியாயத்தைப் படித்து ஏற்றிக்கொண்டு வந்து பெருமையாகப் போட்டுக் காட்டினான். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பித்த அதே குரல், மூச்சு விடாமல், ஒரே தாளத்தில்.

"ஏண்டா, நீ படிச்சா கொலகாரன், போலீசு, பொணம் எல்லாம் ஒரே ஆளு மாதிரி கேக்குதே" என்றாள் அம்மா.

அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. அடுத்த மாசமே ஒரு டிவிடி பிளேயரைக் கொண்டுவந்து வைத்தான். படம் போட்டுக் காதால் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பது அவன் யோசனை. பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அம்மாமேல் உயிரையே வைத்திருந்தான். ஆனால் படமும் சீரியலும் அம்மாவுக்கு வெறும் சத்தமாகத்தான் இருந்தன. சாயங்காலம் ஆனால் தெரு முழுக்க ஒரே சீரியல் பாட்டு ஓடும். அம்மா டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, "யாரோ அழுவறாளுங்க, கூடவே மோளம் அடிக்கறானுங்க. யாரு, எதுக்குன்னுதான் தெரியல" என்பாள். அந்த மாசங்களில் அவள் சீக்கிரம் படுத்துவிடுவாள். என்னம்மா என்றால், வேற என்ன வேலை என்பாள்.

வழி திறந்தது ஒரு கல்யாண சிடியால். வீராம்பட்டினத்தில் பெரியம்மா மகள் கல்யாணம் முடிந்து போட்டோ எல்லாம் சிடியாக வந்திருந்தது. அவர்கள் வீட்டில் பிளேயர் இல்லாததால் பெரியம்மா சிடியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாண சிடியை எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா பார்ப்பதில்லை. ரிமோட்டில் ஜூமை அமுக்கி, சம்பந்தி வீட்டுப் பெண்களின் கழுத்துக்குப் போய் நிறுத்துவார்கள். கல் அட்டிகையா, கவரிங்கா, போன கல்யாணத்தில் போட்ட அதே ஆரமா என்று ஒரு விசாரணை நடக்கும். பெரியம்மா அதில் கைதேர்ந்தவள். மாப்பிள்ளையின் அத்தை மண்டப வாசலில் நிற்கும் ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். கை தவறிக் கழுத்துக்குப் பதிலாக மேலே தெர்மாகோல் வளைவில் போய் நின்றது. பெரியம்மா கீழே இறக்க வழி தெரியாமல் பொத்தான்களைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"நல்வரவு" என்றது அம்மாவின் குரல்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்க்கவே இல்லை, பக்கத்தில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் புரிந்தது. நடுவில் தெரியாததால் முகத்தை ஒதுக்கி ஓரக்கண்ணால் டிவியைப் பார்த்திருக்கிறாள்.

"எம்மா, என்ன சொன்ன?"

"நல்வரவுன்னு போட்டிருக்குது இல்ல? பெருசா, வெள்ளையா?"

பெரியம்மாவின் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கிவிட்டேன். "அடிப்பாவி, ஆரத்தப் பாக்க வேணாமா" என்று அவள் கத்தியது காதில் விழவே இல்லை. ஒரு எழுத்து என் உள்ளங்கை அளவு இருந்தால் என் அம்மாவால் படிக்க முடிகிறது. அப்படியென்றால் நாவலை அந்த அளவுக்கு ஆக்க வேண்டியதுதானே?

இந்த வேலைக்கு ஊரில் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நான் அப்போது ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைனர். பிலிம் போய் டிஜிட்டல் வந்த புதிது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்கள் பிரான்சிலிருந்து வந்து இங்கே கல்யாணம் செய்துவிட்டுப் போகும்போது, அங்கே உள்ள சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கக் கட்டுக்கட்டாகப் போட்டோ சிடி கேட்பார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ரோஜாப்பூவுக்குள்ளும் நிலாவுக்குள்ளும் உட்கார வைப்பது என் தினப்படி வேலை. ஸ்கேனர், கம்ப்யூட்டர், சிடி எழுதும் டிரைவ் எல்லாம் என் மேசையிலேயே இருந்தன.

அந்த மாத நாவலை மறுநாளே எடுத்துக்கொண்டு போனேன். ஒரு லாட்ஜ் முதலாளியைக் கொன்றது யார் என்பதுதான் கதை. சாப்பாட்டு நேரத்தில் பக்கங்களை ஸ்கேன் செய்தேன். மட்டமான தாளாக இருந்ததால் பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரிந்தது, அதைத் துடைத்தேன். பக்கத்தை வரிவரியாக வெட்டி, வரியை மறுபடி இரண்டாக வெட்டி, ஒரு படத்துக்கு மூன்று நாலு வார்த்தை மட்டும் வரும்படி வைத்தேன். வெள்ளையில் கறுப்பு எழுத்து அம்மாவுக்குக் கூசும். அதைத் தலைகீழாக்கிக் கறுப்பில் வெள்ளை எழுத்தாக மாற்றினேன்.

முதலாளி ஒருநாள் பின்னால் வந்து நின்றார். திரையில் கொட்டை எழுத்தில் "கழுத்தில் கயிறு இறுகிய" என்று நின்றுகொண்டிருந்தது.

"இது எந்தக் கல்யாணம்மா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். "சாப்பாட்டு நேரத்துல மட்டும் பண்ணு. முகூர்த்த சீசன்ல ஆல்பம் லேட்டாச்சுன்னா கொலை இங்கதான் நடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது போதும்.

முதல் அத்தியாயம் சிடியாக வீட்டுக்கு வந்தது. பிளேயரில் போட்டால் அது போட்டோ என்று நினைத்துத் தானாகவே அடுத்தது அடுத்தது என்று தள்ளிக்கொண்டு போனது. அம்மா இரண்டு வார்த்தை படிப்பதற்குள் வரி ஓடிவிட்டது. "இதுவும் உன்ன மாதிரி ஓடுதே" என்றாள். படத்தை நிறுத்தி வைத்து, கையால் ஒவ்வொன்றாக அமுக்கி நகர்த்தும் முறையைக் கண்டுபிடித்தேன். அடுத்த படத்துக்கான பொத்தான் மேல் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன், திரும்பிப் போகும் பொத்தான் மேல் இரண்டு. விரலால் தடவிப் பார்த்து, "இது முன்னாடி, இது பின்னாடி" என்று அம்மா உடனே பிடித்துக்கொண்டாள். காலண்டர் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு முதல் வரியை முணுமுணுத்தாள். நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் வந்தபோது அம்மாவின் முகமே வேறாக இருந்தது. கண் சிவந்திருந்தது, கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் பேச்சு நிற்கவில்லை.

"எழுதுனவன் பலே கில்லாடிடி. மொதப் பக்கத்துல அந்த மொதலாளி தூங்கி எழுந்திரிக்கறான். அடுத்த பக்கத்துலயே செத்துக் கெடக்கறான். போலீசு வருது, பொண்டாட்டி அழுவறா. அப்புறம் பாத்தா அந்த ஆளு மறுபடி உக்காந்து காபி குடிச்சிக்கினு மேனேஜர திட்டறான்!"

"செத்தவனா?"

"செத்தவன்தான். மொதல்ல பொணத்தக் காட்டிட்டு அப்புறம் அவன் எப்பிடி இருந்தான்னு சொல்றான். இப்ப சினிமாவுலயும் இப்பிடித்தான எடுக்கறானுங்க? பாதி வார்த்தைல வெட்டிக்கினு போவுது, அது மட்டும் நீ கத்தரிச்ச லட்சணம்னு நெனச்சேன்."

எனக்குச் சட்டென்று உறைத்தது. ஒரு பக்கத்துக்குள் இருக்கும் வரிகளுக்குக் கம்ப்யூட்டர் தானாகவே 01, 02 என்று ஒழுங்காக எண் போட்டிருந்தது. பக்கங்களுக்கு நான் கையால் 1, 2, 3 என்று பெயர் வைத்திருந்தேன். முதல் இலக்கத்தை வைத்தே வரிசைப்படுத்தும் அந்த அசட்டு பிளேயருக்கு ஒன்றுக்கு அடுத்தது பத்து, அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு. அதெல்லாம் முடிந்த பிறகுதான் இரண்டு. கதையைத் துண்டு துண்டாகக் கலைத்துப் போட்டுவிட்டது. அம்மாவோ அதை அப்படியே முழுசாகப் படித்து, எழுத்தாளருக்குச் சேர வேண்டாத பெருமையையும் சேர்த்துக் கொடுத்திருந்தாள்.

நான் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன். கதை கலைந்தால் என்ன? அவள் படித்திருக்கிறாள்! ஒரு வரி விடாமல், யாரும் ஊட்டாமல், அவளே படித்திருக்கிறாள். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் 001, 002 என்று மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். திரும்ப முதலிலிருந்து படித்துவிட்டு, "மின்ன இருந்ததே நல்லா இருந்திச்சு" என்று வேண்டுமென்றே வம்பிழுத்தாள்.

அதன்பிறகு வாரத்துக்கு ஒரு அத்தியாயம் என்று ஓடியது. சுலபமாக ஓடவில்லை. முகூர்த்த நாட்களில் சோற்று டப்பாவைத் திறக்கவே நேரம் இருக்காது, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு ஒரு கையால் வரி வெட்டினேன். சில சிடிகளை பிளேயர் ஏற்கவே ஏற்காது, துப்பிவிடும். அம்மாவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தலை வலிக்கும். ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுப்பாள், எழுந்து மறுபடி ரிமோட்டை எடுப்பாள். "விடும்மா, நாளைக்குப் படி" என்றால், "நீ கம்முனு இரு, மேனேஜரு இப்பதான் சாவிய எடுத்திருக்கறான்" என்பாள். சீரியல் நேரத்தில் வந்து உட்காரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு நாள் பார்த்துவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

கடைசி அத்தியாயத்தை நான் கொண்டுவந்து கொடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய கிரிக்கெட் மேட்ச் ஒன்று. அண்ணன் தெருவில் கேபிள் அறுந்துவிட்டதாம். சிப்ஸ் பாக்கெட்டோடு வந்து இறங்கினான். டிவியில் மேட்ச் இல்லை. கறுப்புத் திரையில் "விளக்கை அணைத்துவிட்டு அவன்" என்று நின்றது. அம்மா காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இப்படியொன்று நடக்கிறது என்று அவனுக்குச் சொல்லியிருந்தோம், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எம்மா, மேட்சு கடைசிக் கட்டம் ஓடுது."

"கடைசி அத்தியாயம்டா. முடிச்சிட்டுத் தரேன்."

"இப்பிடி நாலு நாலு வார்த்தையா படிச்சா எப்ப முடிக்கறது? குடு, நான் அஞ்சு நிமிசத்துல படிச்சி சொல்லிடறேன்."

"நீ படிச்ச வரைக்கும் போதும்டா சாமி."

அவன் முறைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். நண்பன் ஒருவனுக்குப் போன் போட்டு, ஸ்கோர் சொல்லிக்கொண்டே இரு என்று கேட்டுக்கொண்டான். உட்கார்ந்திருப்பவன் திரையில் கண்ணுக்கெதிரே எழுத்து நின்றால் படிக்காமல் என்ன செய்வான்? பாடப் புத்தகத்துக்கு அப்புறம் புத்தகம் என்று ஒன்றைத் தொடாதவன் என் அண்ணன். கொஞ்ச நேரத்தில் என்னைச் சாடையாகக் கூப்பிட்டான். "அந்த மேனேஜரு யாரு? சாவி எங்கேர்ந்து வந்திச்சு?" முன்கதையைக் காதோடு சொன்னேன். சிப்ஸ் அப்படியே இருந்தது. அடுத்து நகர்ந்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"அமுக்கும்மா."

"இரு, நான் இன்னும் முடிக்கல."

"நாலு வார்த்தைதான?"

"நாலு வார்த்தைதான். நான் படிக்கணும் இல்ல?"

அம்மா ஒரு வரியைப் படித்தாள், யோசித்தாள், இரண்டு பொட்டு ஒட்டிய பொத்தானைத் தடவிப் பின்னால் போய் மறுபடி படித்தாள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். அவளுடைய வேகத்தில்தான் அந்த வீட்டில் அன்றைக்கு எல்லாம் நடந்தது. லாட்ஜின் பின்கதவு திறந்தது, யாரோ உள்ளே வந்தார்கள், முகம் இன்னும் தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்து அண்ணனின் போன் அடித்தது. வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். "அமுக்காத, தோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே சந்துக்கு ஓடினான்.

அம்மா அவனுக்காக நிறுத்தவில்லை. அமுக்கினாள், படித்தாள், அமுக்கினாள். நான் திரையைப் பார்க்கவில்லை, எனக்குத்தான் முடிவு தெரியுமே. அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் உதடு நின்றது. "அட படுபாவி" என்றாள் மெல்ல. மறுபடி பின்னால் போனாள், மறுபடி முன்னால் வந்தாள். கடைசிப் படமும் தாண்டி, திரையில் வெறும் எண் பட்டியல் வந்து நின்றது. ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு பெரிதாக மூச்சு விட்டாள்.

அண்ணன் மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"எம்மா, இன்னும் ரெண்டே ஓவர்தான் பாக்கி. ஆமா, என்ன, முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"யாரும்மா வந்தது? மேனேஜரா?"

அம்மா ரிமோட்டை அவனிடம் நீட்டினாள். "இந்தா, மேட்சு பாரு."

"யாருன்னு சொல்லும்மா!"

"நான் எதுக்கு சொல்லணும்? கண்ணு நல்லாத்தான இருக்குது உனக்கு? நீயே படிச்சிக்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் உதட்டைப் பிதுக்கிவிட்டேன். ரிமோட்டை வாங்கிக்கொண்டான். பிறகு தரையில் உட்கார்ந்து, விட்ட இடத்தைத் தேடி ஒவ்வொரு படமாகப் பின்னால் போக ஆரம்பித்தான். பக்கத்து வீட்டில் ஓவென்று கூச்சல் கிளம்பியது, சந்தில் யாரோ வெடி வைத்தார்கள். அவன் திரும்பவில்லை. "பின்கதவு" என்ற படம் வந்ததும் நிறுத்தி, முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

அம்மா ஈரத்துணியை எடுத்துக் கண்மேல் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"அவசரப்படாம படிடா" என்றாள். "கடைசி வரி நல்லா எழுதியிருக்கறான்."